தழுவிய பெண்ணின் பெயர்

(திட்டக்குடியில் நடைபெற்ற நம் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

'புராணமும் பெண்களின் கவிதையும்' என்பது நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழைக் கண்ட இளைஞர் ஒருவர், "நம்மைத் தாழ்த்தி எழுதிய புராணங்களை நம் மேடையிலேயே பேசலாமா?" என்று வினவினார். நியாயமான வினா. அவருக்கு நாம் அளித்த விடை இதுதான்: அண்ணல் அம்பேத்கர் புராணங்களைப் படிக்காமல் ஒதுக்கியவர் அல்லர். எழுத்தெண்ணிப் படித்து, அவற்றைக் குறுக்கு விசாரணை செய்தவர். அவருக்கும் முன்னரே, 1907ஆம் ஆண்டு சென்னையில் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், ஔவையின் நூல்களுக்குப் பௌத்த நெறியில் புத்துரை வரைந்து, அவரை அம்பிகையம்மன் என்னும் பிக்குணியாகவே கண்டார். பண்டிதரின் முடிவுகள் அனைத்தையும் இன்றைய ஆய்வு ஏற்கும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஒரு கதையை அப்படியே நம்புதல், அல்லது அதனை அடியோடு எரித்தல் என்னும் இரண்டு வழிகளுக்கு அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை அவர் காட்டினார். அவ்வழியே நம் வழி.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். வெள்ளாற்றங்கரையில் உள்ள இத்திட்டக்குடியின் பெயரை வசிட்ட முனிவரின் பெயரோடு இணைத்துச் சொல்வது தலபுராண மரபு. இங்குள்ள சிவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர். நோய் தீர்ப்பவர் என்பது பொருள். வசிட்டர் என்றவுடன் அருந்ததி நினைவுக்கு வருவாள். அம்மி மிதித்து அருந்ததி பார்த்தல் என்று திருமண வீடுகளில் மணமகளை வானத்தை நோக்கச் செய்கின்றனரே, அந்த அருந்ததிதான். அவள் யார்? மனு தரும நூலின் ஒன்பதாம் இயல், வசிட்டரை மணந்த அட்சமாலை என்பவள் மிக இழிந்த பிறப்பினள் என்றும், கணவனைச் சேர்ந்தமையால் உயர்வு பெற்றாள் என்றும் கூறுகிறது. பௌத்தப் பெருங்கவிஞர் அசுவகோசரும் தமது 'புத்த சரிதம்' என்னும் காவியத்தில் அவளைத் தாழ்த்தப்பட்ட குலத்தவளாகவே குறிக்கின்றார். அந்த அட்சமாலையே அருந்ததி என்பர் உரைகாரர்.

எண்ணிப் பாருங்கள். எந்த மணமகளுக்கும் கற்பின் இலக்கணமாக வானத்தில் காட்டப்படுபவள் நம் வீட்டுப் பெண்! விண்மீனாக்கி வணங்கியவர்கள் அவள் பிறந்த தெருவை மட்டும் மறந்துவிட்டனர். நாம் இங்குக் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. மனு நூலில் அவள் உயர்வு அவளுடையது அன்று, கணவனால் வந்தது. அவள் வாய்திறந்து பேசிய ஒரு சொல்லேனும் அங்கு இல்லை.

இப்போது நம் வட்டாரத்தார் அனைவரும் அறிந்த ஒரு கதைக்கு வருவோம். சமதக்கினி முனிவரின் மனைவி இரேணுகை, நாள்தோறும் ஆற்று மணலைக் குடமாகப் பிடித்து அதில் நீர் முகந்து வருவாளாம். ஒருநாள் வானில் சென்ற கந்தருவனின் நிழலை நீரில் கண்டு ஒரு நொடி வியந்தாள். மணற்குடம் உடைந்தது. ஒரு நொடி வியப்புக்கு மரண தண்டனை! முனிவர் தம் மகன் பரசுராமனிடம் தாயின் தலையை வெட்டுமாறு பணித்தார். ஓடிய இரேணுகை சேரிக்குள் புகுந்தாள். அங்கு ஒரு பெண் அவளைக் காக்கும் பொருட்டு இறுகத் தழுவிக்கொண்டாள். ஓங்கிய கோடரி இருவர் தலையையும் ஒருசேர வீழ்த்தியது. பின்னர்த் தந்தையிடம் வரம் பெற்று உயிர்ப்பிக்க வந்த மகன், பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிட்டான். முனிவர் மனைவியின் தலையும் சேரிப் பெண்ணின் உடலும் சேர்ந்தவள் மாரியம்மன் ஆனாள். சேரிப் பெண்ணின் தலையும் முனிவர் மனைவியின் உடலும் சேர்ந்தவள் எல்லையம்மன் ஆனாள். ஊருக்கு ஊர் இக்கதை சற்றே மாறும். தழுவிய பெண் மட்டும் மாறுவதில்லை. சென்னைப் பேராயராக இருந்த ஒயிட்ஹெட் என்பார் 1916ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றிய நூலிலும் அவள் இரேணுகையைத் தழுவியே நிற்கிறாள்.

ஆனால் இக்கதை முதன்முதலில் ஐரோப்பாவில் பரவிய விதத்தைக் கேளுங்கள். புதுச்சேரிப் பகுதியில் தங்கியிருந்த சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் தம் பயண நூலை 1782இல் வெளியிட்டார். மாரியின் கதை அதில் உண்டு. அவருக்குக் கதை சொன்னவர் யாரென்று அவர் கூறவில்லை. அந்த வடிவத்தில், தழுவிய பெண் காணாமற்போகிறாள். இரேணுகையின் தலை பொருத்தப்பட்ட உடல், குற்றங்களுக்காகக் கொலைத்தண்டனை பெற்ற ஒரு பறைச்சியின் உடல் என்று அங்கு எழுதப்பட்டது. அந்நூலைச் செருமானிய மொழியில் படித்த பெருங்கவிஞர் கோத்தே, 1824இல் 'பறையன்' என்று பெயரிட்டே மூன்று பகுதி கொண்ட ஒரு கவிதைத் தொகுதியை வெளியிட்டார். தாழ்த்தப்பட்டோருக்காக இரங்கும் நெஞ்சம் அக்கவிதையில் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவருடைய தேவியின் ஞானம் எங்கிருக்கிறது? பார்ப்பனத் தலையில். கட்டற்ற செயல் எங்கிருக்கிறது? நம் பெண்ணின் உடலில். உலகப் பெருங்கவிஞரும் உடலைக் குற்றவாளியாக்கியே இரங்கினார்.

காக்க வந்தவளைக் குற்றவாளி என்று எழுதியது யார் கை? அந்தக் கையை நாம் இனிக் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் எழுதாதவர் கதையை எழுதுபவர் என்ன செய்வார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? நம் சங்கம் கால் நூற்றாண்டாக எழுத்தறிவுக்கு உழைத்து வருவது வேலைவாய்ப்புக்கு மட்டும் அன்று என்று நாம் அடிக்கடி கூறுவதன் காரணம் இதுவே.

இரேணுகையின் கதைக்கு மற்றொரு கிளையும் உண்டு. நமக்கு அதுவே பெரிதும் உவப்பானது. சமதக்கினி கொல்லப்பட்ட பின்னர் இரேணுகை தீயில் புகுந்தாள், மழை பெய்து தீ அவிந்தது, உயிர் பிழைத்தாள். உடலெல்லாம் கொப்புளம். உடுத்த ஆடையில்லை. வேப்பிலையைப் பறித்து மேலே போர்த்துக்கொண்டு பசியோடு நடந்தவள் சேர்ந்த இடம் சேரி. அங்கிருந்தவர்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்தனர். முனிவர் வீட்டுப் பெண்ணுக்குச் சமைத்த சோறு கொடுக்க அஞ்சிப் பச்சையாகக் கொடுத்தனர் என்று கதை சொல்கிறது. அந்த அச்சத்திற்குள் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. துணி வெளுப்பவர் ஒரு சேலை தந்தார். இன்றும் மாரியம்மனுக்கு மாவும் வெல்லமும் இளநீரும் வேப்பிலையும் படைக்கின்றோமே, ஏன்? கதையின்படி, அவை ஓர் எரிந்த உடலுக்கு நம் பாட்டிமார் செய்த முதல் மருத்துவம். தெய்வம் மக்களைக் குணப்படுத்தியதற்கு முன்னர், சேரி தெய்வத்தைக் குணப்படுத்தியது.

இவ்விடத்தில் தில்லையை நினையாமல் இருக்க முடியவில்லை. ஆதனூர் நந்தனும் தீயில் புகுந்தவரே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியபடி, அவர் தில்லையில் தீ மூழ்கிப் பூணூல் அணிந்த முனிவராக வெளிப்பட்டார். பிறந்த உடலை எரித்துக் கொடுத்த பின்னரே வாயில் திறந்தது. இரண்டு தீக்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நம் ஆண் அவர்கள் வாயிலுக்குச் சென்றபோது தீ மூட்டப்பட்டது. அவர்கள் பெண் நம் வாயிலுக்கு வந்தபோது கொப்புளத்திற்கு இளநீர் கொடுக்கப்பட்டது. அந்த நந்தனின் பெயரிலேயே 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் பள்ளி தொடங்கினார். தீயில் புகச் சொன்ன ஊரில் அவர் பிள்ளைகளை வகுப்பறைக்குள் புகச் செய்தார். புராணத்தைத் திருத்தி எழுதுவதற்கு ஏடும் எழுத்தாணியும் மட்டுமே கருவிகள் என்று யார் சொன்னது?

தாய்மார்களே, இனி உங்கள் பாட்டுக்கு வருகிறோம். வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் வாயிலில் வேப்பிலை செருகுவோம், தாளிக்க மாட்டோம், 'முத்து' என்றே கொப்புளத்தைச் சொல்வோம். இரவில் நோயாளியின் அருகே அமர்ந்து மாரியம்மன் தாலாட்டுப் படிப்போம். திருவிழாக் கடைகளில் பெரிய எழுத்துப் புத்தகமாக அது கிடைக்கும். படிக்கத் தெரியாத நம் பாட்டிமாருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அந்தப் பாட்டின் அமைப்பை எண்ணினால் வியப்பாக இருக்கும். தாலாட்டு என்பது தாய் பிள்ளைக்குப் பாடுவது. இங்கோ தாயாகிய மாரியே தொட்டிலில் கிடக்கிறாள். அவளை ஊர் ஊராகப் பெயர் சொல்லி அழைத்து, சீற்றம் தணிந்து முத்தை இறக்கிக்கொள்ளுமாறு பெண்கள் கொஞ்சிக் கேட்கின்றனர். பாயில் கிடக்கும் குழந்தையும் அதன் உடலில் இறங்கிய அம்மனும் ஒருவரே என்பதால், ஒரு பாட்டில் இருவரும் உறங்குகின்றனர். கோடரியால் வெட்டுண்டு தீயில் வெந்தவளைத் தாலாட்ட வேண்டும் என்று எண்ணியவள் எப்படிப்பட்ட பெண்ணாக இருந்திருப்பாள்!

பாட்டு நோயைத் தீர்த்ததா? இளைஞர்களிடம் நாம் உண்மையையே பேச வேண்டும். பெரியம்மையைத் தீர்த்தது தடுப்பூசி. 1796இல் இங்கிலாந்தின் ஜென்னர் கண்ட வழி அது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975ஆம் ஆண்டு மே மாதத்தில் அசாமில் கண்டறியப்பட்டார். 1980 மே 8ஆம் நாள் உலகச் சுகாதார மாமன்றம் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தது. ஆகவே இன்று குழந்தைக்கு அம்மை கண்டால் மருத்துவமனைக்கே முதலில் செல்லுங்கள். வேப்பிலையைப் பிறகு செருகலாம். ஆனால் மூவரில் ஒருவரைக் கொன்றுவிடக் கூடிய அந்த நோயின் காலத்தில், ஊரார் அஞ்சி விலகி நிற்க, ஒரு பெண் மட்டும் விடியவிடிய நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து வேப்பங்கொத்தால் தடவிக்கொண்டிருந்தாள். நோயைத் தீர்த்தது ஊசி. நோயாளியைத் தீண்டியது பாட்டு. தீண்டாமை இன்னதென்று அறிந்த மக்களுக்கு இரண்டாவது செயலின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

சென்ற ஆண்டு நம் இளைஞர் சிலருடன், வெள்ளாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவரிடம் இத்தாலாட்டைக் கேட்கச் சென்றோம். பெரிய எழுத்துப் புத்தகத்தில் இல்லாத பல அடிகளை அவர் பாடினார். மணற்குடம் உடைந்த இடத்தில், குடத்தை உடைத்தது யார் குற்றம் என்று ஆற்றையே கேட்பது போன்ற ஒரு பகுதி. தழுவிய பெண்ணின் பிள்ளைகள் அன்று மாலை யார் வீட்டில் உண்டனர் என்று கேட்கும் ஒரு பகுதி. நாம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தோம். இவ்வளவு நூற்றாண்டுகளில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி நாம் எண்ணியதே இல்லை. "இதையெல்லாம் யார் கட்டினது ஆயா?" என்று கேட்டோம். "நடவுல பாடுவோம், புள்ளைக்குப் பாடுவோம். கட்டினவ பேரெல்லாம் எதுக்குப்பா?" என்றார். அவர் பெயரை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டபோது, பெரிதாகச் சிரித்து, வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

கதையில் தழுவிய பெண்ணுக்கும் பெயர் இல்லை. இரேணுகைக்குப் பெயர் உண்டு, முனிவருக்கு உண்டு, வெட்டியவனுக்கு உண்டு, உடைந்த குடத்திற்குக்கூட இன்ன மணலால் ஆனது என்னும் வரலாறு உண்டு. அவள் மட்டும் 'ஒரு பெண்'.

இந்த மௌனத்தை அண்மைக் காலத்தில் உடைத்தவர்கள் பெண் கவிஞர்களே. இராணிப்பேட்டை மாவட்டத்து லாலாப்பேட்டையில் பிறந்து தமிழாசிரியராகப் பணிபுரிந்த சுகிர்தராணி அவர்களை நம் மாணவியர் அனைவரும் படிக்க வேண்டும். 2002இல் 'கைப்பற்றி என் கனவு கேள்' என்னும் அவருடைய முதல் தொகுதியும், 2004இல் 'இரவு மிருகம்' என்னும் தொகுதியும் வெளிவந்தன. பள்ளியில் தந்தையின் தொழிலையும் தன் தெருவையும் மறைத்து வந்த ஒரு சிறுமி, பிறகு யார் கேட்டாலும் தன் சாதிப் பெயரைத் தயங்காமல் தானே சொல்லும் நிலைக்கு வருவதை அவர் கவிதை ஒன்று கூறும். பிறர் வசையாக வீசிய சொல்லைத் தன் முகவரியாக ஏற்பது என்பது எளிதன்று. பழங்கதையில் தலையும் உடலும் வேறாக்கப்பட்ட பெண், அங்கே தன் தலையைத் தன் உடலின் மீது தானே பொருத்திக்கொள்கிறாள் என்றே நமக்குத் தோன்றுகிறது. உடலைப் பற்றி இக்கவிஞர்கள் எழுதியபோது, ஆபாசம் என்று கூச்சலிட்டவர் பலர். வயலிலும் சாலையிலும் நம் பெண்களின் உடல் பட்ட பாட்டைக் கண்டு கூசாத கண்கள், அதனை ஏட்டில் கண்டவுடன் கூசின.

புதுச்சேரியைச் சேர்ந்த மாலதி மைத்ரி அவர்கள் 2005இல் தம் தொகுதி ஒன்றுக்கு 'நீலி' என்று பெயரிட்டார். பழையனூர் நீலியை நாம் அறிவோம். கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகி வந்து நீதி கேட்டவள். 'நீலிக் கண்ணீர்' என்று ஊரார் பழிச்சொல்லாக்கிய பெயரைத் தம் நூலின் முகப்பில் ஒரு பெண் எழுதுகிறார்! பழையனூருக்கு அருகிலுள்ள திருவாலங்காட்டிலேதான், அழகிய உடல் வேண்டாம் என்று பேய் வடிவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரும் பாடினார். அவர் நூற்றொரு வெண்பாக்களால் 'அற்புதத் திருவந்தாதி' இயற்றியவர். பிறர் கண்ணுக்கு இனிய உருவத்தைத் துறந்த பிறகே அவருக்குத் தம் குரல் முழுமையாகக் கிட்டியது என்பதைப் பத்தியோடு படிப்பவரும் ஆய்வோடு படிப்பவரும் ஒருசேர ஏற்பர்.

திரௌபதியைப் பற்றியும் ஒரு சொல். நம் தென்னார்க்காட்டுப் பகுதியில் அவளுக்குத் தீமிதி எடுக்காத வட்டாரம் இல்லை. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி, படையினரால் சிதைக்கப்பட்ட ஒரு சந்தால் பழங்குடிப் பெண்ணுக்குத் திரௌபதி என்று பெயரிட்டு ஒரு சிறுகதை எழுதினார். அவளுக்குச் சேலை வழங்கக் கண்ணன் வரவில்லை. அவள் அதனை வேண்டவும் இல்லை. அக்கதையையும், நம் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளையும் 2021ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. விழுப்புரம் அருகே மேல்பாதியில், நம்மவர் வழிபடச் சென்றதால் எழுந்த பூசலையொட்டித் திரௌபதி அம்மன் கோயில் 2023 சூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. பாடத்திட்டத்திற்கும் கோயிலுக்கும் பூட்டு ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டீர்களா?

பல ஊர்களில் மாரியம்மன் தேர் நம் தெருவுக்கு வருவதில்லை. பறையடிக்க நாம் வேண்டும். கூழுக்கு நாம் உடைத்த கேழ்வரகு வேண்டும். தேர் மட்டும் திருப்பத்தோடு திரும்பிவிடும். அந்தத் தேரில் அமர்ந்திருப்பவளின் உடல் யாருடையது என்று அவர்கள் கதையே சொல்கிறது. நம் பெண்ணின் உடலை அலங்கரித்து, நம் தெருவுக்கு வராமல் இழுத்துச் செல்கின்றனர். இதனைக் கேட்டுச் சினம் கொள்ளும் இளைஞர்களே, உங்கள் சினம் தக்கதே. அதனோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள் என்றே நாம் வேண்டுகிறோம்.

நம் சங்கத்து மாணவியர் ஒன்பதின்மர் இவ்வாண்டு அப்பணியைத் தொடங்கியுள்ளனர். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு என்று தத்தம் வீட்டிலும் தெருவிலும் கேட்டவற்றை எழுதி வருகின்றனர். திருத்தாமல் எழுத வேண்டும், பேச்சு மொழியைப் புலவர் மொழியாக்கக் கூடாது என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. ஒவ்வொரு பாட்டின் மேலும் பாடியவர் பெயர், அவர் தாய் பெயர், பிறந்த ஊர் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும் என்பது இரண்டாவது விதி. பெயர் சொல்ல மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. ஆனால் இடத்தை வெற்றிடமாகவே விட்டு வைக்க வேண்டும், 'ஒரு பெண்' என்று எழுதி நிரப்பக் கூடாது என்பது மூன்றாவது. இம்மூன்றாவது விதியை வகுத்தவள் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி.

நாம் முன்னர்க் கூறிய மூதாட்டியின் பாட்டு அந்நோட்டில் முதற்பாட்டாக உள்ளது. சென்ற திங்கள் அம்மாணவியர் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டச் சென்றனர். தம் பாட்டைப் பிறர் வாயால் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தவர், இரண்டு அடிகளைத் தவறாக எழுதியுள்ளதாகக் கூறித் திருத்தினாராம். பின்னர், மேலே உள்ள வெற்றிடத்தில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டு, தம் பெயரை அன்று, தமக்கு அப்பாட்டைக் கற்பித்த தம் தாயின் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னாராம். நோட்டு மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளது. கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் அதனைப் பார்த்து, உங்களுக்குத் தெரிந்த அடிகள் விடுபட்டிருந்தால் மாணவியரிடம் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.